பாலத்துக் கட்டைச்சுவரில் மிதுனா

கோகிலவாணி தன் மகள் மிதுனாவைப் பள்ளிக்கூட வாசலிலிருந்து கைபிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்து, முகம் கழுவிவிட்டு, தோசை ஊற்றிக் கொடுத்து, தட்டிக் கொடுத்துத் தூங்கவைத்த பிறகும், அதே மிதுனா பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் சாக்கடைப் பாலத்தின் கட்டைச்சுவரில், டிபன் பாக்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு, கால்களை ஆட்டியபடி அம்மாவுக்காகக் காத்து உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில் அவளை முதலில் பார்த்தது, பள்ளிக்கூடத்து வாசலில் தட்டுவடை செட் வண்டி போட்டிருக்கும் சுந்தராம்பாள்.

"ஏனம்மிணி, நேத்துப் புள்ளையக் கூட்டிட்டே போகலியா? பாவம், விடிய விடிய இங்கயேதான் உக்காந்திருக்குமாட்ட இருக்குது."

"கூட்டிட்டுப் போனனேக்கா. இப்பத்தான் கிளாஸ்ல உட்டுட்டு வர்றேன்."

"அப்ப இது யாரு?"

வாணி திரும்பிப் பார்த்தாள். நீலச் சட்டை, பாவாடை, ஒரு பக்கம் அவிழ்ந்த ரிப்பன், முழங்காலில் பழைய காயத்தின் பொருக்கு. பெற்றவளுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? ஓடிப்போய்க் கையை நீட்டினாள். அந்தக் குழந்தை அவளை ஏற இறங்கப் பார்த்து, ஊர்க்காரர்களிடம் பேசும் மரியாதையோடு, "நீங்க யாருங்கக்கா? எங்கம்மா வந்துட்டிருக்கு" என்றது.

முந்தைய நாள் நடந்தது இவ்வளவுதான். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு மத்தியானத்தோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அன்று காலையில், வகுப்புக்குள் போகமாட்டேன் என்று அழுத மகளிடம் வாணி இந்தச் சுவரைக் காட்டி, "பெல்லு அடிக்கறப்ப அம்மா தானா இங்க வந்து நிப்பேன், பாரு" என்று சொல்லியிருந்தாள். சொன்னபடி நேரத்துக்குக் கிளம்பவும் செய்தாள். வழியில் சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடும் சாக்கடையில் ஒரு பக்கம் ஊதாவும் ஒரு பக்கம் மஞ்சளும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போய்க்கொண்டிருந்தன. இரண்டும் எந்த இடத்தில் கலக்கும் என்று பார்க்க ஒரு நிமிடம் நின்றவள், தண்ணீரோடு கூடவே நடந்து, தறிக்குடோன்களைத் தாண்டி, கரும்புக்காட்டைத் தாண்டி, ஆற்றங்கரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். தலையை நிமிர்த்தியபோது வெயில் சாய்ந்திருந்தது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, மூச்சு முட்ட, மகள் பெயரைச் சொல்லிக்கொண்டே அவள் ஓடிவந்ததைத் தெருவே பார்த்தது. மிதுனா அதற்குள் அழுது முடித்திருந்தாள்.

வாணி அப்படித்தான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசல் பெருக்கப் போவாள், பெருக்கும்போது எறும்பு வரிசை கண்ணில் படும், எறும்பு போகிற வழியில் போனால் பக்கத்து வீட்டுச் செம்பருத்தி பூத்திருக்கும், பூவைப் பறித்துக்கொண்டு வரும்போது தீய்ந்த வாசனை தெருமுனைக்கே வந்திருக்கும். ஈரோட்டில் ஒரு டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது திமிரும் இல்லை, அசட்டையும் இல்லை, மூளை இப்படி அமைந்துவிட்டது, ஏ.டி.ஹெச்.டி. என்று இதற்குப் பெயர் இருக்கிறது என்று சொல்லி மாத்திரையும் கொடுத்தார். பஸ் ஏறும்வரை அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டே வந்த வாணி, மாத்திரையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினாள். அந்தப் பெயரை ஊரில் சொல்லிப் புரியவைக்க அவளால் முடியவில்லை. போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போய் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும் அவள் புருசன் மோகன்ராசு போனில், "ஒரு புள்ளையப் பாத்துக்க முடியலையா உன்னால?" என்று மட்டும் கேட்டான். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கும் வேறு கேள்வி தெரியவில்லை.

ஆனால் ஒரு வேலையில் அவளை அடிக்க ஆள் கிடையாது. தறிக்கு ஊடைநூல் சுற்றிக் கொடுக்கும் தார் வேலைக்குத்தான் அவள் போய்க்கொண்டிருந்தாள். எந்தக் குடோனில் நூல் சிக்கு விழுந்தாலும், கத்தரியை எடுக்காதே, வாணியிடம் கொடு என்பார்கள். முடிச்சு முடிச்சாக, உலகத்தில் வேறு ஒன்றுமே இல்லாதவள் போல உட்கார்ந்து, ஒரு இழை அறாமல் பிரித்துக் கொடுத்துவிடுவாள். அந்த நேரத்தில் கூரை இடிந்து விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது.

சுவரில் ஒரு குழந்தை கூடுதலாக உட்கார்ந்திருப்பதைப் பற்றி ஊர் ஒரு வாரம் பேசியது, அப்புறம் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகாது ஊர்? ஜெசிந்தா டீச்சர் அவள் பெயரை வருகைப் பதிவில் எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து, உள்ளே ஒரு மிதுனா ஏற்கெனவே இருப்பதால் விட்டுவிட்டார். தறி முதலாளி நல்லசாமி, மழைக்கு நனையக் கூடாது என்று சுவருக்கு மேலே தகரம் அடித்துக் கொடுத்தார். சுந்தராம்பாள் தினமும் முதல் தட்டுவடையில் பீட்ரூட்டும் கேரட்டும் வைத்து, காரச் சட்னி தடவாமல், அவளுக்குக் கொடுத்த பிறகுதான் வியாபாரத்தை ஆரம்பித்தாள். மாரியம்மன் நோம்பிக்குப் பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுத்தவர்கள் அவளுக்கும் ஒரு பாவாடை எடுத்தார்கள். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாளே தவிர, அம்மா வந்தால் அடையாளம் தெரியாமல் போய்விடும் என்று சட்டையை மாற்றவில்லை. போலியோ சொட்டு மருந்து கொடுக்க வரும் நர்சம்மா வருசா வருசம் அவளுக்கும் வாயைத் திறக்கச் சொல்லி, விரலில் மை வைத்துவிட்டுப் போனார், ஏனென்றால் வருசா வருசம் அவளுக்கு அதே நாலரை வயசுதான். அவளோடு விளையாடிய பிள்ளைகள் வளர்ந்து மேல் வகுப்புக்குப் போனார்கள், அடுத்து வந்த பிள்ளைகள் அவளோடு விளையாடினார்கள், அவர்களும் வளர்ந்து போனார்கள். வேலை முடிந்து பிந்தி வரும் மற்றத் தாய்மார்கள், அந்தச் சுவரைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு, தங்கள் பிள்ளையின் கையை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு மத்தியானமும் பெல் அடித்ததும் அவள் மட்டும் சுவரிலிருந்து இறங்கி, பாவாடையைத் தட்டிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தெருக்கோடியைப் பார்த்து நிற்பாள். பிள்ளைகள் எல்லாம் கலைந்த பிறகு மறுபடி ஏறி உட்கார்ந்துகொள்வாள். அழுததே இல்லை. அம்மா வந்துகொண்டிருப்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

வாணியின் துக்கம் சுவரில் பாதி, வீட்டில் பாதி. வீட்டில் வளர்ந்த மிதுனா நல்ல பிள்ளை. சொன்னால் கேட்பாள், சொல்லாததையும் செய்வாள். அந்த நாளுக்கு மறுநாளிலிருந்தே தாங்கள் குடியிருந்த லைன் வீட்டு வரிசைப் பிள்ளைகளோடு சேர்ந்து தானாக வீட்டுக்கு வந்தாள், தன் டிபன் பாக்ஸைத் தானே கழுவினாள், எட்டாத சடையை எட்டிப் பின்னிக்கொண்டாள், தம்பி சர்வேஷ் பிறந்த பிறகு அடுப்பை அணைத்தாயிற்றா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்தாள். "இன்னைக்கு அம்மா வர்றேன் கண்ணு, வாசல்ல நில்லு" என்று வாணி சொன்னால், "சரிம்மா" என்பாள். வேறு யாரோ ஏறப்போகும் பஸ்ஸைப் பற்றிக் கேட்டவள் போல இருக்கும் அந்தச் சரி. வாணி வந்தாலும் அவளுக்கு ஆச்சரியம் இல்லை, வராவிட்டாலும் ஏமாற்றம் இல்லை. ஏன் வரவில்லை என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அம்மா வருவாள் என்று நம்புகிற பிள்ளை சுவரிலேயே தங்கிவிட்டாள், வீட்டுக்கு வந்தது மிச்சம்தான் என்று வாணிக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. புரிந்த நாளில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, வெளியே கேட்காமல், வாயில் துணியை வைத்து அழுதாள். அவளுக்கு அந்தப் பிள்ளை வேண்டும். ஊரிலிருக்கும் எதுவும் அதற்கு ஈடு இல்லை.

கூட்டிவர வழியும் தெரிந்துதான் இருந்தது. பெல் அடிக்கும்போது, அம்மா தானாக வந்து சுவர்ப்பக்கம் நிற்க வேண்டும். சொன்ன வாக்கு அதுதான். சுந்தராம்பாள் ஒருநாள் வண்டியை அப்படியே போட்டுவிட்டுப் போய் வாணியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, பெல் அடிக்கச் சரியாக நிறுத்திப் பார்த்தாள், குழந்தை எட்டிப் பார்த்து, "இந்தக்கா யாருங்க?" என்று கேட்டது. லீவுக்கு வந்த மோகன்ராசு ஒரு பகல் முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனை அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. "அப்பா, சாக்லேட் வாங்கியாந்தியா?" என்று கேட்டாள். வீட்டுக்குப் போகலாமா சாமி என்றதற்கு, "அம்மா கூடத்தான் வருவேன், அம்மா தேடுமில்ல" என்றாள். அன்றைக்கு அவன் வாணியைத் திட்டவில்லை. மறுபடி வடக்கே போகிற வரைக்கும் பேசவும் இல்லை.

வாணி முயற்சி செய்யாமல் இல்லை. போனில் அலாரம் வைத்தாள். அது அடித்தால் அணைத்துவிட்டு, எதற்காக அணைத்தோம் என்று யோசித்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கையில் பேனாவால் எழுதினாள். பாத்திரம் கழுவும்போது அழிந்தது. காலையிலேயே போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று கிளம்பினாள். வீட்டைப் பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பியவள் திரும்பியதுதான். தினமும் வந்தாள், தினமும் பெல்லுக்குப் பிந்தி வந்தாள், ஒவ்வொரு தடவையும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடித்தான் வந்தாள். சுவரிலிருந்த குழந்தை அந்த ஓடிவரும் அக்காவைப் பார்த்துச் சிநேகமாகச் சிரிக்கும்.

கடைசியில் நல்லசாமிக்குத்தான் அந்த யோசனை வந்தது. கலியாண வீட்டுக்குப் பிந்திவிடக் கூடாது என்று அவர் வீட்டுக் கடிகாரத்தைப் பத்து நிமிசம் முன்னால் வைத்திருப்பார், எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு கடிகாரம் இருக்கும். "அதையே தெருவோட வெச்சுட்டா என்ன? எல்லாக் கடிகாரத்தையும் அரை மணி முன்னால தள்ளிருவோம். வாணிகிட்ட மட்டும் சொல்ல வேண்டாம்" என்றார். அப்படியே செய்தார்கள். குடோன்களில் ஷிப்டு அரை மணி முன்னால் மாறியது, நூல்மில் வாட்ச்மேன் மத்தியானச் சங்கை அரை மணி முன்னால் ஊதினார், டீக்கடையில் போண்டா அரை மணி முன்னால் வெந்தது, ஜெசிந்தா டீச்சர் படம் காட்டுகிறேன் என்று வாணியின் போனை வாங்கி நேரத்தை மாற்றிக் கொடுத்தார். டிவி சீரியலை மட்டும் யாராலும் முன்னால் தள்ள முடியவில்லை. இப்போதெல்லாம் விளம்பரம் அதிகம், லேட்டாகத்தான் போடுகிறான் என்று அவளிடம் சொல்லிவைத்தார்கள். பள்ளிக்கூடத்து பெல் மட்டும் சரியான நேரத்துக்கு அடித்தது. ஒரு பெண்ணுக்காக ஒரு தெருவே அரை மணி முன்னால் பசித்து, அரை மணி முன்னால் தூங்கி எழுந்தது. அவளைப் பற்றி வம்பு பேசிய அதே வாய்கள்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சில நாள் அரை மணியும் அவளுக்குப் போதவில்லை. ஒரு நாள் போதுமானதாக இருந்தது.

அன்று சர்வேஷை இடுப்பில் வைத்துக்கொண்டு, வழக்கம்போலப் பிந்திவிட்டோம் என்ற பதற்றத்தோடு வாணி ஓடிவந்தபோது, பள்ளிக்கூடத்துக் கேட் பூட்டியிருந்தது. உள்ளே பிள்ளைகள் ராகம் போட்டுப் பாட்டுச் சொல்லும் சத்தம் கேட்டது. "பெல்லு அடிச்சிருச்சாக்கா?" என்றாள்.

"இல்ல கண்ணு. இன்னும் அடிக்கல" என்ற சுந்தராம்பாள், சட்னிக் கரண்டியைப் போட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்கு ஓடினாள்.

செய்தி தெருவில் பரவியது. தறிகளை நிறுத்தினார்கள். கரண்டு போனால் தவிர நிற்காத சத்தம் நின்று, காக்கை கத்துவதுகூடக் கேட்டது. ஆளாளுக்கு வாசல்களில் வந்து நின்றார்கள். வாணி சுவரில் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தை அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து, சர்வேஷின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது.

பிந்தி வருவது எப்படி என்று வாணிக்குத் தெரியும், முந்தி வந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு மிச்ச நேரம் வந்ததே இல்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கும் அந்தப் பழைய ரிப்பன் கண்ணில் பட்டது. பெல் அடித்ததும் தலை சீவிப் புது ரிப்பன் கட்டி, ராணி மாதிரி வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று தோன்றியது. எதிரே நாலு எட்டில் வளையல் கடை. "தம்பியப் பாத்துக்கறியா கண்ணு? சித்த நேரந்தான், இதோ வந்தர்றேன்" என்று சொல்லி, சர்வேஷைக் குழந்தையின் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனாள். அன்பினால்தான் போனாள், அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

கடையில் ரிப்பன் டப்பா கவிழ்ந்து, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக எல்லாம் ஒரே சிக்காகக் கிடந்தது. சிவப்பின் ஒரு நுனியை வாணி பிடித்தாள். அது பச்சைக்கு அடியில் போனது. பச்சையைத் தூக்கினாள்.

தெரு பார்த்துக்கொண்டே நின்றது. கூப்பிட்டால் தானாக வந்ததாக ஆகாது, கூப்பிட்டு வந்த அம்மாவை அந்தக் குழந்தைக்குத் தெரியாது. நல்லசாமி துண்டை வாயில் கடித்துக்கொண்டார். வளையல் கடைக்காரர், தன் கை தானாக நீண்டு அவளைத் தொட்டுவிடுமோ என்று கையைக் கட்டிக்கொண்டார். சுந்தராம்பாள் மனசுக்குள் மாரியம்மாவைக் கூப்பிட்டாள், திட்டினாள், மறுபடி கூப்பிட்டாள். பெல் அடித்தது. ஊர் முழுக்கக் கேட்ட அந்த பெல், ஒரு இழை அறாமல் ரிப்பனைப் பிரித்துக்கொண்டிருந்த வாணிக்கு மட்டும் கேட்கவில்லை.

குழந்தை சுவரிலிருந்து இறங்கி, பாவாடையைத் தட்டிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு, தெருக்கோடியைப் பார்த்து நின்றது. பிள்ளைகள் கலைந்தார்கள். சர்வேஷ் உதட்டைப் பிதுக்கி, "அம்மா" என்று அழ ஆரம்பித்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். அத்தனை வருசத்தில் அவள் சொல்லாத ஒன்றை அப்போது சொன்னாள்.

"அம்மா மறந்துருச்சுடா தம்பி. வா, நாம போலாம்."

தன் உயரத்தில் பாதி இருந்தவனைத் தூக்க முடியாமல் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து அவள் நடந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. வளையல் கடையைத் தாண்டும்போது அம்மாவின் முதுகு அவளுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் உள்ளே பார்க்கவில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்து, லைன் வீட்டுச் சந்துக்குள் திரும்பினாள். வாணி சிவப்பு ரிப்பனை அழகாகச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தபோது சுவர் காலியாக இருந்தது. தெருவில் நின்ற ஒருவரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை, அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டில் சர்வேஷ் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். வாயைச் சுற்றித் தயிர்ச்சோறு காய்ந்திருந்தது. வாசலில் இரண்டு சின்னச் செருப்புகள் இருந்தன, மூன்று வருசத்துக்கு முன்னால் வாங்கியவை, புதிது போலவே இருந்தன. அந்தக் குழந்தையைக் காணவில்லை.

சாயங்காலம் இரண்டாம் வகுப்பு விட்டு வந்த மிதுனா, அந்தச் செருப்புகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பையைக் கீழே போட்டாள். பிறகு நாலரை வயசுப் பிள்ளை அழுவது போல, கையைக் காலை உதைத்து, மூச்சு அடைத்து, தெருவுக்கே கேட்க அழுதாள்.

"ஏம்மா வரல? நான் உக்காந்துட்டே இருந்தேன். ஏம்மா நீ வரல?"

அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டாளா என்று ஏங்கிக்கொண்டிருந்தவளுக்கு, அது வந்தபோது பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரிப்பன் சிக்கெடுத்துட்டிருந்தேன் சாமி" என்றாள் வாணி. இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து, ஒருவரையொருவர் தொடாமல் அழுதார்கள்.

தெரு கடிகாரங்களைத் திருப்பி வைத்தது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. சுவர் மேலே நல்லசாமி அடித்த தகரம் அப்படியே இருந்தது. அதன் கீழே உட்கார யாருக்கும் மனசு வரவில்லை. பத்திருபது நாள் கழித்து வாணிதான் வந்து உட்கார்ந்தாள். எப்போது வந்தாள் என்று சுந்தராம்பாளுக்குத்தான் தெரியும். மத்தியானத்துக்கு முன்னாலேயே வந்து, சாக்கடையில் ஓடும் நிறங்களைப் பார்த்துக்கொண்டே அப்படியே இருந்துவிட்டாள். சாயங்கால பெல் அடித்து வெளியே வந்த மிதுனா, சுவரில் அம்மாவைப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கமே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ரோட்டைக் கடந்து வந்தாள்.

"எப்பம்மா வந்தே?"

"தெரியல கண்ணு."

"சாப்டியா?"

வாணிக்கு அதுவும் தெரியவில்லை. மிதுனா பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கால்கள் இப்போது தரையைத் தொட்டன, ஆட்ட முடியவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கும் வருவியா?" என்று கேட்டாள்.

கண்டிப்பா வருவேன் என்று சொல்லவந்து வாணி நிறுத்திக்கொண்டாள். அந்த வார்த்தையைச் சொல்லித்தான் ஒரு பிள்ளையை மூன்று வருசம் மழையிலும் வெயிலிலும் உட்காரவைத்தாள். "வரோணும்னுதான் கிளம்புவேன். வந்து சேருவனான்னு தெரியல சாமி" என்றாள்.

மிதுனா யோசித்தாள். அவளுக்கு வயசு ஏழரைதான்.

"சரி. நான் அஞ்சு நிமிசம் நிப்பேன்" என்றாள். "அஞ்சு நிமிசம் பாத்துட்டு வரலீனா நானே வந்தர்றேன். அழமாட்டேன். நீயும் அழக் கூடாது."

அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. சில நாள் அந்த ஐந்து நிமிசத்துக்குள் வாணி செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்து சேர்ந்துவிடுவாள், அன்றைக்கு இரண்டு பேரும் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பல நாள் வந்து சேரமாட்டாள். அந்த நாட்களில் மிதுனா சுவர்ப்பக்கம் நின்று, சொன்ன நேரம் முழுக்கத் தெருக்கோடியைப் பார்த்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவள் சந்தில் திரும்பி மறைந்ததும் சுந்தராம்பாள் வண்டியை விட்டு வந்து, தகரத்துக்குக் கீழே குனிந்து, கட்டைச்சுவர் முழுவதும் ஒருமுறை பார்த்துக்கொள்வாள். இதுவரைக்கும் அங்கே யாரும் இல்லை.